தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், அத்தையின் பிரஷரைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. திருப்பூர் பக்கம் வீடு. ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். நான்கு மாதமாக மைக்ரோபிளாஸ்டிக் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக் சாப்பிடுகிறோம், மூளையில் ஒரு ஸ்பூன் அளவு சேர்ந்திருக்கிறது என்று தினமும் ஏதாவது ஒரு வீடியோ வருகிறது. கறுப்புக் கரண்டி, டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே போட்டேன். மாமா அதையெல்லாம் பாப்பாவுக்குக் குளிக்க வெந்நீர் போடும் அடுப்பிலேயே வைத்து எரித்துவிட்டார். கடல் உப்பில் பிளாஸ்டிக் இருக்கிறது என்றதும் இந்துப்புக்கு மாறினேன். பழைய முறைதான் நல்லது என்று சந்தையில் ஈயச்சொம்பு வாங்கி, அதில்தான் ரசம் வைக்கிறேன்; பாப்பாவுக்கும் அந்த ரசத்தை ஊற்றித்தான் சாதம் குழைக்கிறேன். போன மாதம், தாய்ப்பாலிலும் பிளாஸ்டிக் என்று படித்ததிலிருந்து பால் கொடுக்கவே பயமாக இருக்கிறது. பகலில் பால் பவுடரைக் கரைத்துப் புட்டியில் கொடுக்கிறேன், இரவில் மட்டும் தாய்ப்பால். தூக்கமே இல்லை. வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "உனக்கு வேற வேலையில்லை" என்று இருமிக்கொண்டே திட்டுகிறார். அத்தைக்கு பிரஷர் இருக்கிறது, மாத்திரையைக்கூட நினைத்தால்தான் போடுவார். அவர், "நாங்கெல்லாம் பிள்ளை வளர்க்கலையா" என்கிறார். நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா, இல்லை இவர்களுக்குத்தான் புரியவில்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அவசரமான ஒன்று. பாப்பாவுக்குப் பகலிலும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குங்கள். இன்றைக்கே. ஒரு மாதமாகப் பகல் பால் குறைந்திருந்தால் மார்பு வற்றியதுபோலத் தோன்றும், அதற்காகப் பயப்பட வேண்டாம். குழந்தை அடிக்கடி சப்பச் சப்பப் பால் மறுபடி ஊறும். முதல் சில நாள் அழுவாள், புட்டியைத் தேடுவாள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் சரியாகாவிட்டால் அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள், வழி சொல்வார்கள்.

நீங்கள் படித்த செய்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2022ல் வெளியான இத்தாலிய ஆய்வு அது. ரோம் நகரில் பிரசவித்த 34 தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். 26 பேரின் பாலில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் தெரிந்தன. செய்தி அவ்வளவுதான். அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளுக்கு ஏதாவது ஆனதா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று அதை எழுதியவர்களும் சொல்லவில்லை.

இனி நீங்கள் மாறிய புட்டிக்கு வருவோம். 2020ல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன புட்டிகளில் சுடுநீர் ஊற்றிக் குலுக்கிப் பார்த்தார்கள். பால் பவுடர் கரைக்கும் வழக்கமான முறையில் லிட்டருக்கு 1.6 கோடித் துகள்கள் வரை உதிர்ந்தன. தண்ணீரின் சூடு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. அந்தத் துகள்களால் குழந்தைக்குக் கெடுதல் வந்தது என்று அங்கேயும் யாரும் காட்டவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். எதற்குப் பயந்து தாய்ப்பாலைக் குறைத்தீர்களோ, அது புட்டியில் பல மடங்கு இருக்கிறது. போதாததற்கு, சரியாகக் கழுவாத புட்டியால் வரும் வயிற்றுப்போக்கை என் அறையிலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குழந்தையின் கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து, துவண்டுபோய்த் தூக்கிவருவார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் நெஞ்சுச் சளியும் குறைவு என்பது பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் பார்த்து உறுதியான சங்கதி. புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று இந்தியாவில் 1992லேயே சட்டம் வந்ததற்குக் காரணமும் இதுதான். எப்போதாவது பவுடர் பால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரில் ஆற்றிப் பாலாடையில் புகட்டுங்கள். ஏழு மாதக் குழந்தை அழகாகக் குடிப்பாள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுவது இல்லாத ஒன்றைப் பார்த்து அல்ல. பிளாஸ்டிக் துகள் ரத்தத்திலும் நஞ்சுக்கொடியிலும் கிடைத்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதன் விளைவு என்ன என்பது மருத்துவம் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி. ஆனால் உங்களுக்கு வந்த வீடியோக்களில் அளவு தாறுமாறாகப் பெருகியிருக்கிறது. அதை நம்பி நீங்கள் செய்த மாற்றங்களில் சில, நமக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த ஆபத்துகளை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கின்றன. எனக்குக் கவலை அதில்தான்.

கிரெடிட் கார்டிலிருந்து தொடங்குவோம். ஒரு கார்டு 5 கிராம். வாரம் 5 கிராம் என்ற அந்தக் கணக்கு 2019ல் உலக வனவிலங்கு நிதியத்துக்காக ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் போட்டது. துகள்களின் எண்ணிக்கையை எடையாக மாற்றும்போது மிகப் பெரிதாக ஊகித்துவிட்டார்கள் என்று பிறகு மற்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2021ல் வந்த இன்னொரு விரிவான கணக்கின்படி, பெரியவர் ஒருவரின் உடலுக்குள் உணவு, தண்ணீர், காற்று வழியாகப் போவது வாரத்துக்குச் சுமார் 4 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒன்று ஒரு மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரு கார்டு எடைக்குச் சாப்பிட்டு முடிக்க 23,000 ஆண்டு ஆகும். மிகச் சிறிய நானோ துகள்கள் அதில் சேரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் இரண்டு கணக்குக்கும் நடுவில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். உங்கள் ஃபோனுக்கு வந்ததோ முதல் கணக்கு மட்டும்.

கறுப்புக் கரண்டியின் கதையும் இப்படித்தான். பழைய டிவி, கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக்கை உருக்கிக் கறுப்புக் கரண்டி செய்கிறார்கள், அதில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இருக்கிறது என்று 2024ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. பாதுகாப்பு வரம்பைக் கணக்கிட 7,000ஐ 60ஆல் பெருக்கியிருந்தார்கள். விடை 4,20,000. கட்டுரையில் 42,000 என்று விழுந்துவிட்டது. ஒரு பூஜ்யம் போனதில், வரம்புக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்த அளவு வரம்பைத் தொட்டுவிடுவதுபோல ஆகிவிட்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜோ ஷ்வார்ச் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு திருத்தினார்கள். அதற்குள் எத்தனை வீட்டில் கரண்டி குப்பைக்குப் போயிற்றோ! பழைய மின்சாதனப் பிளாஸ்டிக் சமையல் கரண்டியாக வரவே கூடாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் எறிந்ததும் நல்லதுதான், மரக்கரண்டியும் எவர்சில்வர் கரண்டியும் போதும். அதை இத்தனை நாள் புழங்கிவிட்டோமே என்று குமைய மட்டும் வேண்டாம்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2024 ஆகஸ்டில் டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு பத்து வகை உப்பைச் சோதித்து எல்லாவற்றிலும் மைக்ரோபிளாஸ்டிக் இருக்கிறது என்று சொன்னது. உங்களுக்கு வந்த வீடியோ அதை வைத்து எடுத்ததாகத்தான் இருக்கும். அறிக்கையில் உள்ள எண்ணைப் பாருங்கள். அதிகபட்சம் ஒரு கிலோவுக்கு 89 துகள். நம் வீடுகளில் ஒருவர் நாளுக்கு 8 முதல் 10 கிராம் உப்பு சாப்பிடுகிறோம். ஒரு கிலோவுக்கு 89 என்றால் 10 கிராமுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு துகளும், அவர்கள் எண்ணிய அளவில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் 5 மில்லிமீட்டர் வரை. 150 மைக்ரோமீட்டருக்கு மேல் பெரிய துகள்கள் உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2019ல் குடிநீர் பற்றிய அறிக்கையில் சொன்னது.

அந்த 10 கிராமில் எனக்குப் பயம் தருவது உப்புதான். உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 5 கிராம். நாம் அதைப்போல இரண்டு பங்கு சாப்பிடுகிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய். பிரஷர் உள்ள அத்தை இருக்கும் வீட்டில் உப்பு டப்பாவைப் பார்த்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "இதில் பாதி போதுமா?" என்பதுதான்.

நீங்கள் மாறிய இந்துப்பில் வேறொரு குறை. கடையில் விற்கும் இந்துப்பு பெரும்பாலும் அயோடின் சேர்க்காதது. பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். பாப்பாவுக்கு அது உங்கள் பால் வழியாகத்தான் போகிறது. அயோடின் குறைந்தால் தைராய்டும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கும் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. நாடு முழுக்க உப்பில் அயோடின் கலக்கச் சொன்னதே அதற்காகத்தான். அயோடின் கலந்த சாதாரணத் தூள் உப்புக்கே திரும்புங்கள், அளவைக் குறைத்து. ஏழு மாதக் குழந்தையின் சாதத்தில் தனியாக உப்பு போடவே வேண்டாம்.

அடுத்து ஈயச்சொம்பு. சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த வரிதான். நம் மொழியில் வெள்ளீயம், காரீயம் என்ற இரண்டு உலோகத்துக்கும் ஈயம் என்ற ஒரே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரசம் வைப்பது வெள்ளீயச் சொம்பில். அது நல்ல உலோகம். சுத்தமான வெள்ளீயம் என்றால் பயமில்லை. 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான், புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்று என்று பாட்டிமார்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வெள்ளீயம் விலை அதிகம். காரீயம் மலிவு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம், பற்றவைத்த இடத்திலும் இருக்கலாம். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. புளியும் தக்காளியும் கொதிக்கும்போது காரீயம் ரசத்தில் இறங்கும். அதைத்தான் பாப்பாவின் சாதத்தில் ஊற்றுகிறீர்கள்.

காரீயம் குழந்தையின் மூளைக்கு என்ன செய்யும் என்பதில் விவாதமே கிடையாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்கு இல்லை. இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற எச்சரிக்கை அளவுக்கு மேல் காரீயம் இருக்கிறது என்று 2020ல் யூனிசெஃப் அறிக்கை சொன்னது. மைக்ரோபிளாஸ்டிக் பற்றி வந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இதைப் பற்றி நம் ஃபோன்களுக்கு வந்திருக்காது. அந்தச் சொம்பை இன்றைக்கே பரணில் ஏற்றிவிடுங்கள். எவர்சில்வரில் ரசம் வையுங்கள். எத்தனை நாளாகக் கொடுத்தீர்கள் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, பாப்பாவுக்கு ரத்தத்தில் லெட் (காரீயம்) அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்பேன்.

மாமா எரித்த டப்பாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்க ஒரு பாலிதீன் கவரைச் சொருகுவது நம் ஊரில் நிறைய வீட்டில் உள்ள பழக்கம். சட்டென்று பிடித்துக்கொள்ளும், அதனால்தான். அந்தக் கறுப்புப் புகையில் வருவது நுண்துகள், கரி, குளோரின் உள்ள பிளாஸ்டிக் என்றால் டயாக்சின் என்ற நச்சு. டப்பாவாக அலமாரியில் சும்மா இருந்த பிளாஸ்டிக், எரித்த பிறகு நேராக நெஞ்சுக்குள் போகிறது. ஏழு மாதக் குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு வாங்குகிறாள், அவளுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டு அடுப்புப் புகையால் உலகம் முழுவதும் 2020ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே உத்தரவிட்டிருக்கிறது. மாமாவிடம் சண்டை வேண்டாம். தேங்காய் மட்டையும் பன்னாடையும் ஒரு சாக்கில் கட்டி அடுப்பின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கவர் தானாகவே நின்றுவிடும். முடிந்தால் பாப்பாவின் வெந்நீரை மட்டும் கேஸில் போடுங்கள்.

மூளையில் ஒரு ஸ்பூன் என்றது 2025ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சூடாக்கிச் சிதைத்து, வரும் வாயுக்களை வைத்துப் பிளாஸ்டிக்கை அளந்தார்கள். மூளையில் கொழுப்பு மிக அதிகம். கொழுப்பு சிதையும்போது வரும் சில பொருள்கள் பாலிதீன் சிதையும்போது வருபவற்றைப் போலவே இருக்கும். அதனால் அந்த அளவு நிஜத்தைவிட மிகையாக இருக்கலாம் என்று வேதியியலாளர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அளக்கும் முறையிலேயே சர்ச்சை இருக்கும்போது அந்த ஸ்பூனை வைத்து நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இன்னோர் ஆய்வை நான் ஒதுக்கமாட்டேன். 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது, இத்தாலிய மருத்துவர்களுடையது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் 257 பேரைச் சுமார் 34 மாதம் கவனித்தார்கள். எடுத்த கொழுப்புப் படிவில் 150 பேருக்குப் பாலிதீன் துகள் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ வந்தது மற்றவர்களைப்போல நாலரை மடங்கு. படித்தபோது எனக்கும் திக்கென்றது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கனவே ரத்தக்குழாய் நோயாளிகள். துகள்தான் காரணமா, அல்லது துகள் அதிகம் சேரும் வாழ்க்கை முறையில் இருக்கும் வேறு ஏதாவதா என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது. எழுதியவர்களே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகள் இன்னும் பெரிய அளவில் வர வேண்டும். அதற்காக அரசும் பல்கலைக்கழகங்களும் பணம் செலவிட வேண்டும் என்று நானும் குரல் கொடுப்பேன். பிளாஸ்டிக்கைக் குறைப்பதற்கு ஆறும் கடலும் மாட்டு வயிறுமே போதுமான காரணம். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, மஞ்சப்பை இயக்கம் இருக்கிறது. அதில் நீங்கள் முன்னால் நில்லுங்கள்.

சமையலறையில் நான் கடைப்பிடிப்பது எளிது: சூடும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பாலிதீன் பையில் கட்டி வாங்குவது, பார்சல் டீயைக் கவரில் ஊற்றி வாங்குவது, இதை நிறுத்திவிட்டுத் தூக்குப்போசி கொண்டுபோங்கள். பேப்பர் கப் என்று நம்புகிறோம், உள்ளே பூசியிருப்பதும் பிளாஸ்டிக்தான். சூடான பானம் 15 நிமிடம் அதில் இருந்தால் 100 மில்லியில் 25,000 துகள் இறங்குகிறது என்று 2020ல் கரக்பூர் ஐஐடி ஆய்வு சொன்னது. தண்ணீருக்கு நம் வீட்டுப் பழக்கமே கைகொடுக்கிறது. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்தச் சுண்ணாம்பு துகள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கடினமான நீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் வடிகட்டினால் 90 சதவீதம் வரை துகள் குறைவதை 2024ல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் பார்த்தார்கள். கொதிக்கவைப்பதில் கிருமியும் சாகிறது, அதுதான் பெரிய லாபம். இதற்கு மேல் காசு செலவழிக்க வேண்டாம். உடலிலிருந்து பிளாஸ்டிக்கை வெளியேற்றும் என்று விற்கும் பவுடர், கஷாயம் எதற்கும் ஆதாரம் கிடையாது.

வீட்டுக்காரரின் இருமலை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் இழை மனிதனுக்குக் கெடுதல் செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த இடம் தொழிற்சாலைதான். 1998ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், துணி மீது நைலான் தூளைத் தூவி ஒட்டும் ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோயை மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். சுவாசித்த அளவு மிக அதிகம், நோயும் கண்ணுக்குத் தெரிந்தது. பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சடைப்பு நோய் நம் மில் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. கட்டிங் டேபிளில் நாள் முழுக்க நிற்பவருக்கு இருமல் எத்தனை நாளாக இருக்கிறது? விடுமுறை நாளில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும், காசநோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யத்தான். அப்புறம் நுரையீரல் ஊதும் பரிசோதனை. வேலையில் நல்ல மாஸ்க் போடச் சொல்லுங்கள். உங்களைத் திட்டும் மனிதர்தான், ஆனால் இந்த வீட்டில் மிக அதிகமாக இழைத்தூசி சுவாசிப்பவர் அவர்.

இப்போது அத்தை. "மாத்திரையைக்கூட நினைத்தால்தான் போடுவார்." உங்கள் கடிதத்திலேயே இதுதான் பெரிய ஆபத்து. அதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள்.

சில மாதங்களுக்கு முன் 58 வயதுத் தறிக்காரர் ஒருவரை மகன் தோளில் தாங்கி அழைத்துவந்தார். காலையில் காபி டம்ளரை எடுத்திருக்கிறார், கை தொங்கிவிட்டது, வாய் கோணிப் பேச்சு குழறியது. பிரஷர் 210. சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் எட்டு அப்படியே இருந்தது. மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதற்குப் பதிலாகச் செம்புப் பாத்திரத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். நல்ல மனிதர், உடம்பின் மேல் அக்கறை உள்ளவர். அக்கறையை யாரோ வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் வலது கையால் அவரால் நூலைப் பிடிக்க முடியவில்லை. மருந்து கெடுக்கும் என்று பயந்தாரே அந்தச் சிறுநீரகத்தையும், கட்டுப்படாத பிரஷர்தான் கெடுக்கிறது.

தமிழ்நாட்டில் 2020ல் எடுத்த கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். அப்படியென்றால் நூற்றில் சுமார் 93 பேருக்கு அது கட்டுக்குள் இல்லை. இதற்கு மருந்து இருக்கிறது, மலிவானது, எத்தனையோ ஆண்டுகளாகப் பழகியது. 48 பரிசோதனைகளில் சேர்ந்த சுமார் 3.45 லட்சம் பேரின் விவரத்தைத் திரட்டி 2021ல் லான்செட் இதழ் வெளியிட்டது: பிரஷரின் மேல் எண் 5 குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பத்து சதவீதம் குறைகின்றன. அந்த இத்தாலிய ஆய்வின் 257 பேருக்குப் பக்கத்தில் இந்த 3.45 லட்சத்தை வைத்துப் பாருங்கள். எது தெரிந்தது, எது இன்னும் தேடுவது என்று உங்களுக்கே புரியும்.

நீங்கள் ஏன் இதைக் கடந்துபோனீர்கள் என்று எனக்குப் புரிகிறது. பிரஷர் ரொம்ப நாளாக வீட்டில் இருக்கிறது, நாற்காலிபோலப் பழகிவிட்டது. பிளாஸ்டிக் புதிது, கண்ணுக்குத் தெரியாது, நம்மைக் கேட்காமல் உடம்புக்குள் வருகிறது, அதுவும் குழந்தைக்குள். மனித மனம் இப்படிப்பட்டதைக் கண்டுதான் அதிகம் நடுங்கும். அது உங்கள் குறையில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அரைகுறைத் தூக்கம், இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே கையில் ஃபோன். அந்த நேரத்தில் எந்த வீடியோவும் பயங்கரமாகத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன். குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லையா? நெஞ்சு படபடக்கிறதா? பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறீர்களா? பால் கொடுக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வரும் பதற்றம் ஒரு நோய். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுபோல வேலையில்லாததால் வருவதில்லை. அதற்குப் பேச்சுச் சிகிச்சையும், வேண்டுமென்றால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரையும் இருக்கின்றன. 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசில்லை. இந்த வாரமே பேசுங்கள். இந்தப் பத்தியை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

அத்தையிடம் மாத்திரை போடுங்கள் என்று சொன்னால் கேட்கமாட்டார். பிள்ளை வளர்த்த கதையைத்தான் சொல்வார். நீங்கள் வேறு மாதிரி போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்தால் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளரே பிரஷரும் பார்ப்பார். வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கலாம். கையில் சுற்றும் பட்டை மேல்கைக்கு வருவதாக இருக்கட்டும். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன், அத்தையைச் சுவரில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவிட்டு, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து இரண்டு முறை பாருங்கள். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே தேதி போட்டு எழுதுங்கள். ஏழு நாள் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள், பாப்பாவையும் தூக்கிக்கொண்டு. சொம்பைப் பற்றி அங்கேயே கேட்டுவிடலாம். இரவில் பால் கொடுக்க எழும்போது ஃபோன் அத்தையின் அறையில் சார்ஜில் இருக்கட்டும்.